லேமினேஷன் போட்ட திறன்

2022 மார்ச் 1-இல் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டம் வந்ததிலிருந்து, உடுமலைப்பேட்டையில் திறனுக்குப் பஞ்சமில்லை. போனில் பாட வீடியோ தானாக ஓடும். பையன் தோப்பில் தேங்காய் பொறுக்குவான். பொழுது சாய்வதற்குள் செயற்கை நுண்ணறிவில் ஒரு சான்றிதழ். (யாருடைய அறிவு என்று கேட்கக்கூடாது.)

ஊரைச் சுற்றிக் காற்றாலைகள். மேலே ஏறி போல்ட் முடுக்க ஆள் கேட்டால், "நானுங்களா? பி.இ. படிச்சிருக்கேனுங்க" என்கிறான் பையன். நூல்மில் கேட்டில் 'ஆட்கள் தேவை' போர்டு இந்தி பேச ஆரம்பித்துவிட்டது. உள்ளே சைடர் வேலையில் ஒடிசாத் தம்பி ஒருவன், ஓடுகிற கதிரில் அறுந்த இழையைக் கண்மூடித் திறப்பதற்குள் ஒட்டுகிறான். சான்றிதழ் கேட்டால் பத்து விரலையும் விரிக்கிறான்; அதை எந்த போர்ட்டலில் ஏற்றுவது?

வீட்டில் அப்பாவுக்கு வேறு கவலை: "ஏங்கண்ணு, இந்தச் சான்றிதழையும் லேமினேஷன் போட்டு வெச்சரலாமா?"