மொத்தக் கணக்கு போதாது

கேள்வி: ஏழை நாடுகளின் குடும்பக் கட்டுப்பாடு, பிரசவ சேவைகளுக்கு வரும் நிதியைக் கண்காணிப்பதே ஒரு தண்டச் செலவுதானே? அந்தக் காசை மருந்துக்கே கொடுக்கலாமே?

பதில்: கணக்கு இல்லையென்றால் எந்த மருந்துக்குக் காசில்லை என்பதே தெரியாமல் போகும். 1994இல் கெய்ரோவில் நடந்த ஐ.நா. மக்கள்தொகை மாநாட்டில் 179 நாடுகள் கூடி, இத்தகைய சேவைகளுக்கு 2000ஆம் ஆண்டில் 1,700 கோடி டாலர் தேவை, அதில் மூன்றில் ஒரு பங்கை வெளிநாட்டு உதவி தரவேண்டும் என்று திட்டமிட்டன. பின்னர் உதவித் தொகை ஏறவும் செய்தது. மொத்தத்தைப் பார்த்தால் மனம் குளிரும். பிரித்துப் பார்த்தால் வயிறு எரியும். ஏறியதில் பெரும்பகுதி எய்ட்ஸ் ஒழிப்புக்குப் போனது. 1995இல் பாதிக்கு மேலிருந்த குடும்பக் கட்டுப்பாட்டின் பங்கு, 2007இல் பத்தில் ஒன்றுகூட இல்லை. எய்ட்ஸுக்குக் கொடுத்தது தவறே அல்ல. கருத்தடைக்கும் தனியே கேட்டிருக்க வேண்டும். அப்படிக் கேட்க, தலைப்புவாரியாகப் பிரித்த கணக்குதான் வேண்டும். பெண்கள் கைக்காசில் வாங்கும் கருத்தடை மாத்திரையின் செலவையும் அதில் சேர்க்க வேண்டும்.