வாட்ஸ்அப்பும் கையுமாக

கேள்வி: வாத்தியார்கள் எந்நேரமும் வாட்ஸ்அப்பும் கையுமாக இருக்கிறார்களே, பாடம் எப்போது நடத்துவார்கள்?
- வாசகர், மணப்பாறை

பதில்: பல நாள் பாடமே அதில்தான் வந்து சேர்கிறது, சார்! ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் விடுப்பெடுத்தால் மற்றவருக்குச் சந்தேகம் கேட்கக்கூட ஆளில்லை. பத்து ஈர்க்குச்சியை ரப்பர் பேண்டில் கட்டிவைத்து, கடன் வாங்கிக் கழிக்கும்போது அந்தக் கட்டை அவிழ்த்துக் காட்டும் வீடியோ ராத்திரி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தால், காலையில் எங்கோ ஒரு மூன்றாம் வகுப்பில் ஈர்க்குச்சிக் கட்டு அவிழ்கிறது. 2018 முதல் தமிழக அரசின் புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு இருக்கிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் 'என் வகுப்பில் இந்த முறை எடுபடவில்லையே' என்றால் குறியீடு பதில் சொல்லாது, சக ஆசிரியர் சொல்வார். எனக்குக் கோபம் ஒன்றில்தான்: பெற்றோரைக் கேட்காமல் பிள்ளைகள் முகத்தை ஸ்டேட்டஸில் போடுவது. கரும்பலகையைப் படம்பிடியுங்கள், பிள்ளைகளை விட்டுவிடுங்கள்!