கீசர் ஜீர்ணோத்தாரண விசாரம்

பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்துத் தளர்ந்த கீசரைப் பழுது பார்ப்பதா, கழற்றிக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டுப் புதியதொன்றை மாட்டுவதா என்னும் வினா மேலோட்டமாக நோக்குவோர்க்கு அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் தர்க்கமும் ஆகமமும் இரசாயனமும் குடும்பப் பொருளாதாரமும் ஒரு குளியலறையின் நான்கடி அகலத்துக்குள் வந்து முட்டிக்கொள்ளும் இடம் இவ்வுலகில் அஃதொன்றே ஆகையால், அதனை முறைப்படி ஆராயாது இதுகாறும் வாளாவிருந்தது தமிழ்ப் புலமையுலகுக்கு ஒரு குறை என்றே கொள்ளல் வேண்டும்.

ஆராய்ச்சிக்குக் களமாகச் சென்னைக் கே.கே. நகரைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணங்கள் உள. 1970களில் தமிழ்நாடு வீட்டு வசதி வாரியத்தால் செக்டார் செக்டாராக வகுக்கப்பட்டு, கலைஞர் கருணாநிதியின் பெயரைத் தாங்கி எழுந்த இந்நகரின் சாலைகள், உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக விளங்கிய இராஜமன்னார், நீதிக்கட்சித் தலைவர் பி.டி. ராஜன், பல்கலைக்கழகத் துணைவேந்தர் இலட்சுமணசாமி ஆகியோர் பெயரால் வழங்குவதால், வாதப் பிரதிவாதத்துக்கு இவ்விடம் இயல்பாகவே உகந்தது. அன்றியும், வாரியம் கட்டிய பழைய குடியிருப்புகளைப் பூசி மெழுகி வைத்துக்கொள்வதா, இடித்து அடுக்ககமாக எழுப்புவதா என்று சிவன் பார்க்கில் நடைபயில்வோர் ஓயாது விவாதித்துவரும் ஊர் இது. கட்டடத்துக்குக் கேட்ட கேள்வியைக் கீசருக்குக் கேட்பதில் அவர்களுக்குப் புதிய பயிற்சி தேவைப்படாது.

முன்னோர் இவ்வினாவால் துன்புற்றிலர். நடுவே புகைக்குழாய் நின்று, அடியில் கரியும் விறகுச் சிராயும் தேங்காய் மட்டையும் எரிந்த செப்புப் பாய்லர் முற்றத்தில் வீற்றிருந்த காலத்தில், ஓட்டை விழுந்தால் பற்றவைத்தார்கள். பற்றவைக்க இடமில்லாமற் போனால் எடைக்குப் போட்டு, அச்செம்பின் விலையில் மகளுக்குச் சீர்ப்பாத்திரம் வாங்கினார்கள். 1868இல் இலண்டனில் மாகன் என்பவர் எரிவாயுவால் நீரைக் காய்ச்சும் கருவியைச் செய்ததும், 1889இல் நார்வேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய எட்வின் ரூட் தானே அணைந்து தானே எரியும் சேமிப்புக் கலனை அமைத்ததும், சரித்திர ஞானத்துக்கு உதவுமேயன்றிக் குளிக்க நிற்பவனுக்கு உதவா. எனவே அவற்றை இம்மட்டில் விடுவோம்.

அளவைகள் மூன்று என்பது சைவ சித்தாந்திகள் கொள்கை: காட்சி, கருதல், உரை. குழாயடியில் நீட்டிய கையில் வெந்நீருக்குப் பதிலாக வெதுவெதுப்பு மாத்திரமே படுவது காட்சி. இரண்டு மாதத்துக்கொருமுறை வரும் ஈ.பி. பில் ஏறியிருப்பதைக் கண்டு, ஏறியதற்குக் கோடைகால ஏ.சி. காரணமாயிருக்கக்கூடும் என்பதை மறந்து, கீசரின் மேல் பழி சுமத்துவது கருதல். உரை என்பது நம்பத்தக்கவர் சொல்லாகிய ஆப்த வாக்கியம்; அதாவது, ஸ்டூலின்மேல் ஏறி நின்று, மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்து, சற்று நேரம் மௌனம் காத்தபின், “சார், இது அவ்ளோதான் சார். இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட்டு” என்று எலக்ட்ரீஷியன் அருளிச்செய்வது. இவ்வாப்தரே புதிய கீசர் வாங்கித் தரும் கடைக்கும் வேண்டியவர் என்பது தெரியவரும்போது, பிரமாணத்தின் தூய்மை சற்றே கலங்குகிறது. ஆயினும் அவரை முழுதும் ஐயுறுதல் தகாது. ஏனெனில் அவர் உண்மை சொல்லும் நாள்களும் உண்டு, அந்நாள்கள் எவை என்பதே நம் விசாரணை.

மாற்றுவாதிகளின் தலையாய வாதம், பழைய கீசர் கரண்டை அதிகமாக இழுக்கும் என்பது. இது வீடுகளில் வேதவாக்காக நிலவுகிறதாகையால் இதனைச் சற்று விரித்து மறுத்தல் அவசியம். 25 டிகிரியில் உள்ள 15 லிட்டர் நீரை 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 0.61 யூனிட் மின்சாரம் வேண்டும். 2,000 வாட் காயில் அதனைச் சுமார் 18 நிமிடத்தில் நிறைவேற்றும். காயில் என்பது உள்ளே வந்த மின்சாரம் முழுவதையும் உஷ்ணமாக மாற்றுவதன்றி வேறொன்றும் அறியாத அப்பாவி. ஆகவே நேற்று வாங்கிய கீசரும் மாமனார் காலத்துக் கீசரும் ஒரே நீரை ஒரே சூட்டுக்குக் கொணர ஏறத்தாழ ஒரே யூனிட்டைத்தான் செலவிடும். வேற்றுமை வேறோரிடத்தில் உள்ளது: காய்ந்த நீர் டேங்கில் சும்மா இருக்கும்போது ஆறிப்போகும் அளவைப் பொறுத்தே நட்சத்திர முத்திரைகள் வழங்கப்படுகின்றன. நாள் முழுதும் ஸ்விட்சை அணைக்காத இல்லத்தில் அந்நட்சத்திரங்கள் ஒளி வீசும். குளிப்பதற்கு இருபது நிமிடம் முன் போட்டு, குளிக்கப் புகுமுன் அணைத்துவிடும் இல்லத்தில், ஐந்து நட்சத்திரத்துக்கும் இரண்டு நட்சத்திரத்துக்கும் உள்ள பேதம் விளம்பரத்திலன்றிப் பில்லில் எளிதிற் புலப்படாது.

இனி உப்பைப் பற்றி. மெட்ரோ வாட்டர் வாராத நாள்களில் போர் தண்ணீரே கதியாகும் தெருக்களில், நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் சூடு பட்டதும் சிதைந்து, கால்சியம் கார்பனேட்டாகிக் காயிலின்மேல் வெள்ளைப் பாறையாகப் படிகிறது. சர்க்கரை சூட்டில் அதிகம் கரையும், இதுவோ சூட்டில் குறைவாகவே கரையும் என்பது இயற்கையின் குறும்பு. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு வழி இல்லாவிடில் 600 வரை பொறுக்கலாம் என்றும் கூறும். மனித வயிற்றுக்கு அளிக்கப்பட்ட இச்சலுகையைக் கீசரின் காயில் ஏற்பதில்லை. பாறை மூடியதும் உஷ்ணம் வெளியேற வழியின்றிக் காயில் தன் வெப்பத்தாலேயே வெந்து அறுகிறது. இஃது அகால மரணமேயாயினும் காயிலின் மரணமேயன்றிக் கீசரின் மரணமன்று. டேங்கின் ஆயுளைக் காக்கவோ வேறொரு தியாகி உள்ளான்: 1824இல் ஹம்ப்ரி டேவி, கப்பல்களின் செப்புத் தகடு அரிக்கப்படாதிருக்க இரும்பையும் துத்தநாகத்தையும் இணைத்துப் பலியிடலாம் என்று கண்ட தத்துவத்தின்படியே, டேங்கினுள் மெக்னீசியம் தண்டு ஒன்று தான் கரைந்து இரும்பைக் காத்து நிற்கிறது. வாங்கிய நாள் முதல் கழற்றிய நாள் வரை அத்தண்டு உள்ளே இருப்பதையே அறியாத கிருகஸ்தர்கள் பலர், அவர்கள்தாம், “அந்தக் காலத்துச் சாமான் மாதிரி வருமா?” என்று பெருமூச்செறிபவர்களும்.

இப்போது ஆகமத்துக்கு வருவோம். சிதைந்ததைப் புதுப்பிக்கும் கோயிற் ஜீர்ணோத்தாரணத்தில் திருமேனியின் உறுப்புகளை அங்கம், உபாங்கம், பிரத்தியங்கம் என வகுத்து, சிற்றுறுப்பு சிதைந்தால் செப்பனிடுக, பேரங்கம் சிதைந்தால் புதிது செய்க என்று விதிப்பர். இவ்விதியை அப்படியே குளியலறைக்குள் கொணர்ந்தால் மயக்கம் பெரும்பாலும் தெளிகிறது. சிவப்பு விளக்கும் சூடு திருகும் குமிழும் பிரத்தியங்கங்கள். அவை போனால் கீசருக்கே தெரியாது. காயில், தெர்மோஸ்டாட், ரப்பர் வாஷர், மெக்னீசியம் தண்டு ஆகியவை உபாங்கங்கள், தாராளமாக மாற்றலாம். உள் டேங்க் ஒன்றே அங்கம். அது துருவேறி ஒழுகுமாயின் பற்றவைப்பதும் எம்.சீல் அப்புவதும் ஆகம விரோதம். ஆனால் ஒழுகுவதெல்லாம் டேங்க் அன்று என்பதையும் இவ்விடத்தில் அடிக்கோடிட வேண்டும். 25 டிகிரியிலிருந்து 60க்கு ஏறும் 15 லிட்டர் நீர் ஒரு டம்ளர் அளவு பெருகும். நீர் திரும்பிச் செல்ல இயலாதபடி வால்வு பொருத்திய வீடுகளில் அந்த ஒரு டம்ளர் சேஃப்டி வால்வு வழியே சொட்டுவது அதன் ஸ்வதர்மம். அதைக் கண்டு பதறிக் கீசரையே மாற்றிய குடும்பங்கள் உண்டு. மாற்றிய பின்னும் சொட்டியது.

திருப்பணி நடக்கும்போது மூர்த்தியைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்வதுபோல, கீசர் கழன்ற நாள்களில் பக்கெட்டில் இம்மர்ஷன் ராடு எழுந்தருள்கிறது. ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கும் வரை அந்நீரில் விரல் வைத்து ஆழம் பார்க்கலாகாது என்பதைப் பரிகாசமின்றியே சொல்லி வைக்கிறேன்.

எனினும், இத்தனை சாஸ்திரமும் கற்றபின், கே.கே. நகரில் இவ்வினாவுக்குத் தீர்ப்பு வழங்குவது சாஸ்திரமன்று, பஞ்சாங்கமே என்பதை ஆய்வாளன் ஒப்புக்கொண்டாக வேண்டும். கீசர் கெடும் நாள் பெரும்பாலும் தீபாவளிக்கு முந்தைய மாலை. விடியுமுன் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கும் குடும்பத்துக்கு வெந்நீர் வேண்டும். ஆப்தரோ அன்று ஊருக்குப் பஸ் ஏறியிருப்பார். கங்கா ஸ்நானம் கேஸ் அடுப்பில் காய்ந்த நீரில் நிறைவேறியபின், பழுதா புதிதா என்ற சபை கூடுகிறது. தாத்தா பழுதுவாதி, மகன் உஸ்மான் சாலைக் கடைகளின் எக்ஸ்சேஞ்ச் விளம்பரத்தைக் கைபேசியில் காட்டும் மாற்றுவாதி, அம்மாவோ, “முதல்ல யாராவது ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க” என்னும் தனிக்கட்சி. வாதம் கார்த்திகை அடைமழையில் வளர்ந்து, விடியற்காலையிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் சென்னை மார்கழியில் உச்சம் அடைந்து, வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் தலைக்கு வெந்நீர் கண்ணுக்கும் கேசத்துக்கும் ஆகாது என்பதைத் தாத்தா மேற்கோள் காட்டும் அளவுக்கு முற்றி, தையில் தளர்ந்து, மாசியில் அடங்குகிறது. சித்திரையில் மொட்டை மாடித் தொட்டி தானே வெந்நீர் தரத் தொடங்கிவிடும்; குளிர்ந்த நீருக்கு எங்கே போவது என்பது அப்போதைய விசாரம். இமயத்தின் அடிவாரத்தில் ஒரு வாரத்தில் முடிந்துவிடக்கூடிய வழக்கு இங்கே ஆண்டாண்டாக வாய்தா வாங்குவது இதனாலேதான்.

ஆகவே முடிபு வருமாறு. உள் டேங்க் ஒழுகினால் மாற்றுங்கள். அது நல்ல நிலையிலிருந்தால் காயிலையும் தண்டையும் புதுப்பித்து, எர்த் இணைப்பைச் சோதித்து, மேலும் சில மார்கழிகள் ஓட்டுங்கள். இரண்டில் எதுவாயினும் ஆவணியிலேயே செய்துவிடுங்கள். எலக்ட்ரீஷியன் ஸ்டூலின்மேல் ஏறும்போது சேஃப்டி வால்வை ஒருமுறை திறந்து மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். அது உப்பில் இறுகிக் கிடந்தால் அன்றைக்கே புதியது போடுங்கள், அந்த ஒன்றுக்கு மட்டும் விசாரம் வேண்டா.