டிக் இல்லாக் கட்டத்தின் மௌனம்: ஓர் ஆய்வு முன்னுரைக்கான முன்னுரை

பதிவுத் திருத்தம் மூவகைப்படும்: தனித்திருத்தம், கூட்டுத்திருத்தம், கைதவறித்திருத்தம். தனித்திருத்தத்தில் ஆய்வதற்கு ஒன்றுமில்லை. கைதவறித்திருத்தம் கூட்டுத்திருத்தத்தின் உட்பிரிவே என்று இக்கட்டுரை நிறுவவிருப்பதால் வகைகள் உண்மையில் ஒன்றுதான். ஆயினும் ‘மூவகைப்படும்’ என்று தொடங்காத ஆய்வை எந்த நெறியாளரும் இரண்டாம் பக்கத்துக்குப் புரட்டுவதில்லை. கூட்டுத்திருத்தமாவது, ஒரே வலைப்படிவத்தில் பல வரிகளை அடுக்கி, திருத்த வேண்டியதையெல்லாம் திருத்தி, ஒரு பொத்தானை அமுக்கித் தரவுத்தளத்துக்கு அனுப்பிவிடுவது. இதன் சிக்கல் முழுவதும் வரியோரத்துச் சிறு கட்டத்தில் இருக்கிறது. டிக் செய்த கட்டம் ‘ஆம்’ என்கிறது, செய்யாத கட்டம் ‘இல்லை’ என்கிறது என்பது பாமரர் நம்பிக்கை. டிக் செய்யாத கட்டம் எதுவுமே சொல்வதில்லை என்பது நம் கோட்பாடு (காண்க: இந்தப் பத்தி).

சான்று வலுவானது. 1999 டிசம்பரில் வெளிவந்த எச்டிஎம்எல் 4.01 விதித்தொகுப்பின்படி, டிக் விழுந்த கட்டத்தின் பெயரும் மதிப்புமே படிவத்தோடு போகும்; விழாதது வீட்டிலேயே தங்கிவிடும். மளிகைக்கடை இருப்புப் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். துவரம்பருப்பு, உளுந்து, கடுகு, வெந்தயம் என நான்கு வரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை, ‘விற்பனையில் உண்டு’ என்றொரு கட்டம். உளுந்து தீர்ந்துவிட்டதால் அதன் டிக்கை மட்டும் கடைக்காரர் எடுக்கிறார். பெயருக்குப் பின் வெறும் சதுர அடைப்புக்குறி போட்டுப் படிவம் எழுதியிருந்தால், வழங்கியில் அதைப் பெறும் பிஎச்பி மொழி விலைகளை ஒரு வரிசையாகவும் டிக்குகளை ஒரு வரிசையாகவும் கட்டிக்கொள்ளும். விலை நான்கு, டிக் மூன்று. நிரல் அவற்றை முதலாவதற்கு முதலாவது, இரண்டாவதற்கு இரண்டாவது என்று இணைக்கிறது. கடுகின் டிக் உளுந்துக்கும், வெந்தயத்தின் டிக் கடுகுக்கும் போய்ச்சேர, தீர்ந்துபோன உளுந்து விற்பனையில் நீடிக்கிறது; மூட்டை பிரிக்காத வெந்தயம் கடையைவிட்டே வெளியேறுகிறது. இவ்வாறே பத்துப்பாட்டுக்கு உரை கண்ட நச்சினார்க்கினியரும், ஓரடியில் நின்ற சொல்லைப் பல அடி தாண்டிக் கொண்டுபோய் வேறொரு சொல்லோடு மாட்டுவார். அதற்காக மறைமலையடிகள் தம் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் அவரைக் கண்டித்தார். ஆனால் உரையாசிரியர் தெரிந்தே மாட்டினார், காரணமும் சொன்னார். நிரல் ‘சேமிக்கப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் காட்டிவிட்டு அமைதியாகிவிடுகிறது (காண்க: மேற்படி, மேற்படியை வலியுறுத்தும் கருத்துக்கும் மேற்படியே காண்க).

ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் மறைபுலம் ஒன்றில் சுழியத்தை வைத்தால் மௌனம் கலையுமே என்பர் ஒரு சாரார். ரெயில்ஸ் என்னும் வலைச்சட்டகத்தின் மரபு இது. ஒற்றைப் பதிவுக்கு நல்ல மருந்து. நம் வரிசையில் வைத்தாலோ நான்கு சுழியமும் மூன்று டிக்குமாக ஏழு மதிப்புகள் வந்து நிற்கும். நான்கு பொருளுக்கு ஏழு விடை. அடைப்புக்குறிக்குள் பொருளின் அடையாள எண்ணை எழுதிவிட்டால் இடம் மாறாதே என்பர் மறுசாரார். மெய்தான், மாட்டுப் பொருத்தம் அத்தோடு ஒழியும். மௌனம் ஒழியாது. எண் 17க்கு டிக் வரவில்லை என்றால், கடைக்காரர் டிக்கை எடுத்துவிட்டார் என்று கொள்வதா, 17 அந்தப் பக்கத்தில் காட்டப்படவே இல்லை என்று கொள்வதா? இங்கே உரைகாரர்கள் பிரிகிறார்கள் (இருவரையும் மறுக்கும் நூல் இன்னும் எழுதப்படவில்லை, எழுதப்படின் அதன் முன்னுரை பிழையுடையது, இரண்டாம் பதிப்பில் திருத்தப்படும், திருத்தத்துக்குக் காண்க: மேற்படி).

இந்த ஐயம் வெறும் வீம்பு அல்ல. பிஎச்பி 5.3.9இல் உள்ளீட்டு மாறிகளுக்கு ஓர் உச்சவரம்பு வந்தது. இயல்பான அளவு 1000. கடையில் 600 பொருள், எல்லாவற்றுக்கும் டிக் உண்டு, ஒவ்வொன்றுக்கும் விலையும் டிக்குமாக இரண்டு மாறி, படிவம் ஒன்றே என்று கொள்க. மொத்தம் 1200. முதல் 500 பொருள் உள்ளே போகும்; 501ஆவதிலிருந்து வாசலிலேயே உதிரும். எச்சரிக்கை பெரும்பாலும் வழங்கியின் பதிவுக்கோப்பில் எழுதப்படும், அதைக் கடைக்காரர் பார்ப்பதில்லை. தரவுத்தளத்தில் உள்ள எல்லாப் பொருளையும் சுற்றிவந்து ‘டிக் வரவில்லையா, விற்பனையிலிருந்து நீக்கு’ என்று எழுதப்பட்ட நிரல், நூறு பொருளை ஒரே மூச்சில் நீக்கும். கடைக்காரர் அவற்றின் பக்கம் கையே கொண்டுபோகவில்லை. கைதவறித்திருத்தத்துக்குக் கைகூடத் தேவையில்லை என்பது இதனால் பெறப்படும். ஆகவே எந்தெந்த வரிகள் திரையில் காட்டப்பட்டன என்ற எண்பட்டியலும் படிவத்தோடு வரவேண்டும், அது முழுதாய் வந்ததற்கு அடையாளமாகப் படிவத்தின் தலையில் மொத்த எண்ணிக்கையும் வேண்டும். பட்டியலில் இருந்தும் டிக் வராதது மட்டுமே ‘இல்லை’.

தரவுத்தளமே தன்னைக் காத்துக்கொள்ளாதா என்ற கடைசி ஆட்சேபத்துக்கு நீண்ட விடை தேவையில்லை. எல்லாத் திருத்தமும் நிறைவேறும் அல்லது ஒன்றுமே நிறைவேறாது என்று பரிவர்த்தனை உறுதி தரும். நூறு தவறையும் ஒன்றுவிடாமல் நிறைவேற்றுவதும் அந்த உறுதியில் அடக்கம். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் கட்டளை நிரலியில் ஒரு காப்பு உண்டு. சாவி குறிப்பிடாமலும் வரம்பு போடாமலும் வரிகளைத் திருத்த அது விடாது. ‘நான் ஒரு மடையன்’ என்னும் பொருளில் ஆங்கிலத்தில் அதற்கு அதிகாரபூர்வமான மாற்றுப்பெயரும் இருக்கிறது, கட்டளையில் தட்டச்சு செய்தே தொடங்கலாம். இப்படி அறிவித்துக்கொண்டு வேலையைத் தொடங்கும் வழக்கம் நம் ஆய்வரங்குகளுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் அந்தக் காப்பும் 501ஆம் பொருளுக்கு உதவாது: நிரல் அனுப்பும் நூறு கட்டளைகளிலும் சாவி ஒழுங்காகவே இருக்கிறது.