புதுக் காருக்குத் திருத்தம்

தாம்பரத்தில் புது கார் எடுத்தவருக்கு முதல் செலவு பூசணிக்காயும் எலுமிச்சம்பழமும். அடுத்த செலவு 'பெயின்ட் கரெக்‌ஷன்'. வண்டி ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லையே, அதற்குள் என்ன திருத்தம் என்று கேட்கக் கூடாது. டீடெய்லிங் கடைக்காரர் எல்இடி டார்ச்சைப் பானெட்டின் மேல் சாய்த்துப் பிடிப்பார். சிலந்தி வலை போலச் சுற்றிச் சுற்றிக் கீறல்கள்! குற்றவாளி யார்? அபார்ட்மென்டில் தினமும் ஒரே வாளித் தண்ணீரில் பத்து கார்களைத் துடைக்கும் அந்தப் பழைய பனியன் துணி. மாதச் சம்பளம் கொடுத்து நாமே போட்டுக்கொண்ட கீறல்.

வைத்தியம் எளிது. வண்ணத்துக்கு மேலே உள்ள கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. கீறலின் அடிமட்டம் வரை அதைக் காம்பவுண்ட் போட்டு மெஷினால் தேய்த்து எடுத்துவிடுவார்கள். பெயின்டைக் காப்பாற்றப் பெயின்டையே சுரண்டுவது! மேலே செராமிக் கோட்டிங், '9ஹெச்' கடினமாம். அது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. ஜிஎஸ்டி சாலையில் பென்சிலோடு யாரும் உரசுவதில்லை; பைக் ஹேண்டில்பாரும் ஷேர் ஆட்டோவும்தான் உரசுகின்றன.

வேலை முடிந்த காரில் முகம் பார்த்துத் தலை வாரலாம். உரிமையாளர் வாரிக்கொண்டு, கவரைப் போட்டு மூடிவிட்டு, பீச் ரயிலைப் பிடித்து ஆபீஸ் போகிறார். தூசி புகுந்த கவர் காற்றில் ஆடி ஆடி, அடுத்த கரெக்‌ஷனுக்கான வேலையைத் தொடங்கிவிடுகிறது.