பின்சக்கர பிரேக்கும் பலப்பிரயோக நிர்ணயமும்

சாஸ்திரம் ஒன்றைத் தொடங்குகிறவர்கள் அதற்குரிய அதிகாரி யார், விஷயம் யாது, சம்பந்தம் எத்தகையது, பிரயோஜனம் என்ன என்ற நான்கையும் முதலிலே சொல்லிவிட வேண்டும் என்பது பெரியோர் வகுத்த முறை. ஆதலால், காரின் பின்சக்கரத்து டிஸ்க்கையும் பிரேக் பேடுகளையும் வீட்டு வாசலிலேயே மாற்றுவதைப் பற்றிய இந்தக் கிரந்தத்துக்கு விஷயம் தேய்மானம் என்றும், பிரயோஜனம் கார் நிற்பது என்றும், சம்பந்தம் இவ்விரண்டுக்கும் இடையே எஞ்சியிருக்கும் சில மில்லிமீட்டர் என்றும் கொள்க. அதிகாரி யார் என்பதில்தான் சிறிது சிக்கல். ஜாக்கி வைத்திருப்பவனெல்லாம் அதிகாரி ஆகமாட்டான். ஜாக்கி காரைத் தூக்கும், தாங்காது. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, தூக்கிய காரை இரும்பு ஸ்டாண்டின்மேல் இறக்கி, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, அதற்குப் பின்னும் காரை ஒருமுறை அசைத்துப் பார்க்கிற சந்தேகப் பிராணி எவனோ அவனே அதிகாரி. விசுவாசம் மோட்சத்துக்கு உதவலாம். காருக்கு அடியில் உதவாது.

இனி, சரித்திரம். சுழலும் தட்டை இருபுறமும் கவ்வி நிறுத்தும் யுக்திக்கு, பிர்மிங்ஹாம் நகரத்து பிரெடெரிக் லாஞ்செஸ்டர் 1902-ஆம் ஆண்டிலேயே உரிமைச் சாசனம் பெற்றுவிட்டார். கவ்வுவதற்கு அவர் செம்பை வைத்தபடியால், உலோகத்தோடு உலோகம் உராய்ந்து எழுந்த கிறீச்சொலி கேட்டாரைக் கலங்கச் செய்ததேயன்றி யுக்தி பரவவில்லை. 1953-இல் பிரான்சு தேசத்து லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் முதலாவதாக வந்தபோதுதான் உலகத்தார் அதைத் திரும்பிப் பார்த்தனர். இதில் ஆராய்ச்சியாளன் நின்று வியக்கத்தக்கது ஒன்று உண்டு. அந்தக் கிறீச்சொலியை ஒழிப்பதற்குத் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்ட எஞ்சினீயர்கள், ஒருவாறு அதை ஒழித்த பிறகு, பேடு தேய்ந்துவிட்ட செய்தியைச் சொந்தக்காரனுக்கு அறிவிக்கும்பொருட்டுப் பல பேடுகளில் ஒரு தகட்டு நாக்கைப் பொருத்தி, அதே ஒலியைத் தாங்களாகவே மீண்டும் உண்டாக்கினார்கள். சொந்தக்காரனோ ரேடியோவின் சப்தத்தை உயர்த்துகிறான்.

பிரேக்கை மிதிக்கும்போது பாரம் முன்னோக்கிச் சாய்வதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுடையது. நம் நாட்டுச் சிறு கார்களிற் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இன்றும் டிரம் பிரேக்தான். பழைய ஸ்கோடா ஆக்டேவியா போன்ற சிலவற்றுக்குப் பின்னாலும் டிஸ்க் வாய்த்தது மட்டுமன்றி, கையால் இழுக்கும் ஹேண்ட்பிரேக்கும், பேடுகளால் டிஸ்க்கைக் கவ்வும் அதே காலிப்பருக்குள் வந்து குடியேறிவிட்டது. இக்கிரந்தத்தின் சகல விவாதங்களுக்கும் அந்தக் கூட்டுக்குடித்தனமே காரணம்.

விவாதமெல்லாம் பலப்பிரயோகம் பற்றியது. எங்கே பலத்தைக் காட்டலாம், எங்கே காட்டலாகாது என்பதே இந்த வித்தையின் முழு ரகசியமும் என்பது எனது துணிபு. மற்றவை ஸ்பேனர் அளவுகள். முதலாவது, டிஸ்க்கைப் பிடித்திருக்கும் அற்பமான ஸ்க்ரூ. சக்கரம் பூட்டியிருக்கும்போது டிஸ்க்கை இறுக்கிப் பிடிப்பவை வீல் போல்ட்டுகளே. சக்கரம் கழன்றிருக்கும் சொற்ப நேரத்தில் டிஸ்க் சரியாமல் இருக்க வேண்டும் என்பது தவிர இந்த ஸ்க்ரூவுக்கு ஜன்மத்தில் வேறு காரியம் இல்லை. ஆயினும் காரியமில்லாத உத்தியோகஸ்தரே நாற்காலியை இறுகப் பற்றுவார் என்னும் நியாயப்படி, துருவேறி இறுகி, அவசரக்காரன் திருகினால் தலை வழுக்கி, கடைசியில் துளைபோட்டு எடுக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். இங்கே விதி: எண்ணெய் விட்டுக் காத்திரு, தலையில் நேராகத் தட்டி, பிறகு திருகு. ஆனால் ஸ்க்ரூ வந்த பின்னும் துருவினால் ஒட்டிக்கொண்டு வராத டிஸ்க்கிடம் இந்தப் பொறுமை வேண்டா. தாராளமாகச் சுத்தியலால் அடிக்கலாம். பழைய இரும்புக் கடைக்குப் போகிற பொருளிடம் தாட்சண்யம் காட்டுவது அசாஸ்திரீயம்.

அந்தச் சுத்தியல் வெறியோடு பிஸ்டனை அணுகினால்தான் விபரீதம். புதுப் பேடு தடிப்பானதால், வெளியே வந்திருக்கும் பிஸ்டனை உள்ளே அனுப்பினாலொழிய காலிப்பர் டிஸ்க்கின்மேல் உட்காராது. தள்ளுவாதிகள் சொல்வது: முன்சக்கரத்தில் கிளாம்பு வைத்து அழுத்தினோம், பிஸ்டன் சாதுவாக உள்ளே போயிற்று, ஆகவே பின்சக்கரத்திலும் அவ்வாறே. இது பூர்வபட்சம். திருகுவாதிகளின் மறுப்பாவது: இந்தப் பிஸ்டனுக்குள் ஹேண்ட்பிரேக்கின் மரையும் இருப்பதால், அழுத்திக்கொண்டே வலப்புறமாகத் திருகினால் மட்டுமே அது உள்ளே போகும், வெறுமனே தள்ளினால் ஒன்று அசையாது, அசைந்தால் உள்ளிருக்கும் பொறி கெடும். பிஸ்டன் முகத்தில் காணும் பள்ளங்கள் திருகியின் பற்களுக்காகவே வெட்டப்பட்டவை என்பது பிரத்தியட்சம். ஆகவே திருகுவாதமே சித்தாந்தம். பிஸ்டன் உள்ளே போகப்போக, மேலே தொட்டியில் பிரேக் ஆயில் ஏறி வழியப் பார்க்கும். அது பெயிண்டைத் தின்றுவிடும் திரவமாதலால், சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுக. காலிப்பரை அதன் ரப்பர் குழாயிலேயே தொங்கவிடுகிறவர்களைப் பற்றி இங்கே எழுதுவதற்கில்லை. கம்பியால் கட்டித் தொங்கவிடுக என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

புது டிஸ்க்கில் துருப்பிடிக்காதிருக்கத் தடவிய எண்ணெயைத் துடைத்தெடுப்பதும், வேலை முடிந்தபின் காரை நகர்த்துமுன் பிரேக் பெடலைக் கெட்டிப்படும்வரை பலமுறை மிதிப்பதும் யாவரும் அறிந்தவை. முதல் மிதியில் பெடல் தரையைத் தொடும். அந்த முதல் மிதியைத் தெருவில் இறங்கிய பிறகு மிதிக்கிறவனுக்கு எதிர்வீட்டுச் சுவர்தான் பிரேக்.

இரண்டு பக்கத்தையும் ஒரே தினத்தில் மாற்றியே ஆகவேண்டும். ஆனால் ஒரே சமயத்தில் பிரிக்கலாகாது. ஒரு பக்கத்தைப் பிரித்து, கிளிப்பு எந்த முகமாக இருந்தது என்று மறந்து நிற்கும்போது, பிரிக்காத மறுபக்கமே ஒப்புநோக்குவதற்குரிய மூல ஏடு. அதைக் கண்ணாடியில் வாசிப்பதுபோல் இடம்வலம் மாற்றி வாசிக்க வேண்டும் என்பதில் பதிப்பாசிரியர்களுக்கே தடுமாற்றம் உண்டு. போதாக்குறைக்கு, ஆக்டேவியாவில் இரு பக்கமும் வலத்திருகாயிருக்க, வேறு சில கார்களில் ஒரு பக்கத்துப் பிஸ்டன் வலமும் மறுபக்கத்தது இடமுமாகத் திருகும். அத்தகைய கார்களின் கைப்புத்தகம் இடப்பக்கம், வலப்பக்கம் என்று பேசுவது ஓட்டுகிறவனுடைய ஆசனத்திலிருந்து முன்னோக்கிப் பார்த்து. பிஸ்டனைத் திருகுகிறவனோ பின்சக்கரத்தண்டை, முகத்தைக் காருக்குக் காட்டிக் குந்தியிருக்கிறான்.