படிப்பதிகாரம்: குறிப்பேட்டியல்

பாயிரம்

யானையின் அங்க லட்சணத்துக்கு நூல் உண்டு. குதிரைச் சுழிக்குச் சாத்திரம் உண்டு. பல்லி இடது தோளில் விழுந்தால் என்ன, வலது முழங்காலில் விழுந்தால் என்ன என்பதற்குப் பஞ்சாங்கத்தில் தனிப் பக்கமே உண்டு. நானூறு பக்க நாவலை ஒருவர் நூற்று எண்பதாம் பக்கத்தில் மூடி வைத்துவிட்டால் அது படித்த கணக்கா, படிக்காத கணக்கா என்பதற்கு மட்டும் யாரும் விதி செய்து வைக்கவில்லை. படித்த நூல்களின் பெயரை நோட்டில் எழுதி வைத்தல், எழுதி வைத்ததை நாலு பேரிடம் சொல்லுதல் ஆகிய இரு தொழில்களுக்கும் இலக்கணம் கூறுதல் இக்கட்டுரை நுதலிற்று.

முதல் நூற்பா வருமாறு:

படித்தது குறித்தலும் பாதியில் விடுத்தது
முடித்ததாய்க் குறித்தலும் மூவா வழக்கே.

இதைச் செய்தவர் யாரோ எனின், இக்கட்டுரையாசிரியரே. மேற்கோள் கிடைக்காத இடத்தில் உரைகாரரே சூத்திரமும் செய்துகொள்வது தகுமோ எனின், அவசரத்துக்குத் தகும்.

'மூவா வழக்கு' என்றதனால் இது நேற்று வந்த பழக்கம் அன்று என்பது பெறப்படும். 9ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் ஃபோட்டியஸ் என்றொரு சமயத் தலைவர் இருந்தார். தாம் படித்த ஏறத்தாழ 280 நூல்களைப் பற்றி, இன்னது சொல்கிறது, நடை இப்படி, எனக்குப் பிடித்தது, பிடிக்கவில்லை என்று எழுதித் தம் உடன்பிறந்தார் தராசியஸுக்குக் கொடுத்தார். அவற்றுள் ஏறக்குறையப் பாதி நூல்கள் இன்று உலகில் எங்கும் இல்லை. பாரசீக அரண்மனையில் வைத்தியராக இருந்த க்டீசியஸ் என்பவர் இந்தியாவின் பக்கமே வராமல் இந்தியாவைப் பற்றி எழுதிய நூல் அப்படித் தொலைந்தவற்றில் ஒன்று. மனித முகமும் தேள் கொடுக்குள்ள வாலும் கொண்ட விலங்கு நம் நாட்டில் திரிவதாக அதில் இருந்தது. இத்தனையும் எழுதிவிட்டு எல்லாம் உண்மை என்று வேறு சொல்கிறார் என ஃபோட்டியஸ் குறித்து வைத்திருக்கிறார். க்டீசியஸின் நூல் போயிற்று. ஃபோட்டியஸின் முகச்சுளிப்பு மிஞ்சியது.

ஆகவே குறிப்பேட்டில் 'பரவாயில்லை' என்று ஒரே சொல்லை எழுதிவிட்டு அடுத்த நூலுக்குத் தாவுகிறவர்கள் சற்று யோசிக்க வேண்டும். ஆயிரம் ஆண்டு கழித்து அந்த நாவலைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்த ஒரே செய்தி இந்தப் 'பரவாயில்லை'யாக இருக்கக்கூடும். அதை வைத்துக்கொண்டு மூன்று பேர் முனைவர் பட்டம் வாங்குவார்கள்.

கருவியியல்

குறிப்பேடு இருவகைப்படும்: விலைக்கு வாங்கியது, சும்மா வந்தது. விலைக்கு வாங்கிய கெட்டி அட்டை நோட்டு நிரம்புவதில்லை. இவ்வளவு நல்ல தாளில் ஏறத் தகுந்த நூல் இன்னும் எழுதப்படவில்லையோ என்ற சந்தேகம் முதல் பக்கத்திலேயே கையைப் பிடித்துக்கொள்ளும். சும்மா வருவது, புத்தாண்டுக்கு நகைக்கடையும் உரக்கடையும் கொடுக்கும் டைரி. இதில் பிள்ளையார் சுழி போட்டு (பகுத்தறிவாளர் எனில் தேதி மட்டும் போட்டு) பதிவு தொடங்கும். பொங்கலுக்குள் மூன்று நூல் ஏறும். பிப்ரவரியில் ஒரு நூலும் பால் கணக்கும். மார்ச்சிலிருந்து பால் கணக்கு மட்டும்.

1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி இப்போது பெரும்பாலும் ஜனவரியில் நடக்கிறது. ஓசி டைரியும் ஜனவரியில்தான் வருகிறது. இவ்விரண்டும் ஒரே மாதத்தில் கூடியதனாலேயே, வாங்கியதைப் படித்ததாகப் பதியும் மரபு நம்மிடம் தோன்றியிருக்க வேண்டும் என்பது என் துணிபு. பில்லைப் பார்த்து அப்படியே நோட்டில் இறக்கிவிடுபவர்களை நான் அறிவேன். எழுத்துப் பிழையும் பில்லில் உள்ளபடியே இருக்கும்.

டிசம்பர் வரை விடாமல் பதிந்தோர் எவரும் இலரோ எனின், உளர். நிறைய நேரமும் குறைவான விருந்தாளியும் வாய்த்தால் பதிவு நிற்காது. இவ்விரண்டும் ஒருசேர வாய்ப்பது சிறையில்தான். 1922 முதல் 1924 வரை யெரவாடா சிறையில் இருந்த காந்தி, படித்த நூல்களைத் தம் நாட்குறிப்பில் வரிசையாக எழுதிவந்தார். ரோமப் பேரரசின் வீழ்ச்சி பற்றி கிப்பன் எழுதிய தலையணைத் தொகுதிகளையும் அங்கேதான் படித்தார். வெளியே இருந்துகொண்டு கிப்பனைப் படித்து முடித்ததாகச் சொல்பவரிடம் கூடுதலாக இரண்டு கேள்வி கேட்பதில் தவறில்லை.

எண்ணியல்

இவ்வதிகாரத்தில் பெரும் பூசல் நிகழ்வது இவ்வியலில்தான்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம். குறிப்பேட்டில் இது ஒன்றா, ஐந்தா? ஒன்று என்பார் காட்டும் காரணம், வந்தியத்தேவன் ஒருவனே என்பது. ஐந்து என்பார் காட்டும் காரணம், தூக்கிப் பார் என்பது. இவ்விரு கட்சியினரும் வேறு வேறு மனிதர் என்று முன்னையோர் கருதினர். அற்றன்று. ஜூன் மாதத்தில் ஒன்று என்று வாதிட்டவரே டிசம்பர் கடைசி வாரத்தில் ஐந்து என்பார். கட்சி மாறக் காரணம் கொள்கை அன்று, காலண்டர்.

மூன்றாவது கட்சியும் உண்டு. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் அது தொடராக வந்தபோது வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து பரணில் ஏற்றிய குடும்பத்தார் அவர்கள். அந்த வீடுகளில் பாகம் எத்தனை என்பதை ஆசிரியர் தீர்மானிக்கவில்லை. பைண்டிங் கடைக்காரரின் ஊசி எத்தனை தாளைத் துளைக்கும் என்பதே தீர்மானித்தது. நடுவே மணியத்தின் ஓவியமும், அதன் முதுகில் தைல விளம்பரமும், ஏதோ ஒரு வாரம் கிழிக்க மறந்ததால் ஓர் அத்தியாயக் குறைவும் இருக்கும். அந்த அத்தியாயத்தைப் பாட்டி வாயால் சொல்லிக் கேட்டவர்கள் நூலை முழுதும் படித்தவர்களே என்று தீர்ப்புக் கூறுகிறேன். ஒருவேளை கூடுதலாகவே படித்தவர்கள்.

ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை எழுதிய 'வெண்முரசு' வரிசையில் 26 நாவல்கள். இதை ஒன்றென எண்ணினால், வருடக்கணக்கில் படித்தும் நோட்டில் ஒரு வரிக்கு மேல் ஏறாது. 26 என எண்ணினால் வேறெதுவும் படிக்கவில்லையா என்று கேட்பார்கள். படிக்க முடிந்திருக்காது என்பதுதான் உண்மை. இதற்கு விதி செய்ய என்னால் ஆகாது. நல்ல கணக்காயர் ஒருவரை அணுகுக.

திருக்குறள் எந்தக் குறிப்பேட்டிலும் ஏறுவதில்லை. எல்லோரும் படித்திருக்கிறோம், யாரிடமும் முடித்த தேதி கிடையாது. பள்ளியில் பத்துப் பத்தாக மனப்பாடம் செய்ததோடு சரி. பிறகு அரசுப் பேருந்தில் எழுதியிருப்பதைப் பார்க்கிறோம். தினமும் ஒரே பேருந்தில் போய்வருபவர் ஆண்டு முழுவதும் ஒரே குறளை ஊன்றிப் படிக்கிறார். வாடிக்கையான மறுவாசிப்பு என்ற தனிப் பத்தி குறிப்பேட்டில் இவருக்காகவே வேண்டும்.

பாதியில் விட்டதைப் பற்றி மேலே சூத்திரத்தில் சொன்னோம். இதில் நேர்மையாளருக்கு எடுத்துக்காட்டு சார்லஸ் டார்வின். 1838 முதல் 1860 வரை அவர் படித்தவை, படிக்க வேண்டியவை என்று இரண்டு பட்டியல் வைத்திருந்தார். மேலோட்டமாகப் புரட்டிய நூலை, புரட்டினேன் என்றே எழுதினார். 1838 அக்டோபரில் அந்த வரிசையில் மக்கள்தொகை பற்றிய மால்தஸின் நூலும் ஒன்றாக ஏறியது. பொழுதுபோக்காகத்தான் அதை எடுத்தேன் என்று பின்னாளில் சொன்னார். உயிரினங்களிடையே பிழைப்புக்கான போட்டி என்னும் எண்ணம் அவருக்கு அங்கிருந்து பற்றிக்கொண்டது. பொழுதுபோக்கு என்ற பத்தியில் எதை எழுதுகிறோம் என்பதில் கவனம் தேவை.

கூற்றியல்

படித்ததைப் பிறரிடம் கூறுதல் நூலைப் புகழ்தலா, தன்னைப் புகழ்தலா? 'தடிமனான ரஷ்ய நாவல் ஒன்று, இந்த வாரம்தான் முடித்தேன்' என்னும் வாக்கியத்தில் நாவலுக்குக் கிடைக்கும் புகழ் தடிமன் ஒன்றே. மிச்சம் முழுதும் கூறியவருக்குச் சேரும்.

பவணந்தி முனிவர் இதை எதிர்பார்த்தே நன்னூலில் வழி செய்திருக்கிறார். தற்புகழ்ச்சி புலவர்க்கு ஆகாது. ஆயினும் நான்கு இடங்களில் ஆகும் என்கிறார். அரசன் அவைக்கு ஓலை எழுதும்போது ஆகும். தன் ஆற்றலை உணராதவர் நடுவிலே ஆகும். அவையில் வாதிட்டு வெல்லும்போதும், எதிராளி தன்னைப் பழித்தபோதும் ஆகும். இந்நான்கனுள் இரண்டாவது வாசகருக்கென்றே செய்யப்பட்டது போல் இருக்கிறது. தன் ஆற்றலை உணராதவர் யாவர்? உறவினர். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில், "இப்போ என்ன பண்ணிண்டிருக்கே?" என்று பெரியப்பா கேட்கும்போது, படித்த நூல்களின் பட்டியலை எடுத்துவிட நன்னூல் அனுமதிக்கிறது. பெரியப்பா அதற்குள் பந்தியில் இடம் காலியாகிவிட்டதைப் பார்த்து எழுந்து போய்விடுவார். அது இலக்கணத்தின் குற்றம் அன்று.

அபிப்பிராயம் கூறச் சொல் கிடைக்கவில்லை என்பாரும் உளர். நன்னூல் அதற்கும் பத்துக் குற்றம், பத்து அழகு என்று ஆயத்தமாக வைத்திருக்கிறது. 'கூறியது கூறல்' என்று ஒரே தொடரில் முந்நூறு பக்கத் தன்வரலாற்றை முடித்துவிடலாம். 'மற்றொன்று விரித்தல்' பயணநூலுக்கு. 'சென்று தேய்ந்து இறுதல்' என்பது முதல் பாகம் வெற்றிபெற்றதால் எழுதப்பட்ட இரண்டாம் பாகத்துக்கு அளவெடுத்துத் தைத்தது.

அச்சில் வராத விமர்சன மரபு ஒன்றும் நம்மிடம் செழித்திருந்தது. அது வாடகை நூலகப் புத்தகங்களின் ஓரத்தில் பென்சிலால் எழுதப்பட்டது. துப்பறியும் நாவலின் இரண்டாம் அத்தியாயத்தில் புதிதாக ஒருவன் உள்ளே வந்ததும், அவன் பெயருக்குக் கீழே கோடிட்டு, 'இவன்தான்' என்று எழுதியிருக்கும். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துக என்பது சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் நான்காவது. அவ்விதியை இவ்வளவு முழுமையாகக் கடைப்பிடித்தவர் வேறு யாரும் இலர். வேறொரு பென்சில், '94ஆம் பக்கம் பார்க்க' என்னும். 94இல், 'சொன்னால் உடனே பார்த்துவிடுவதா?' என்றிருக்கும். அதன் கீழே பேனாவால், இன்னொரு கையெழுத்தில், முன்னிருவரையும் ஒழுங்காகப் படிக்கச் சொல்லி ஓர் அறிவுரை. முன்பின் அறியாத மூவர் ஒரு பக்கத்தில் கூடி விவாதித்துவிட்டு, அவரவர் தவணைத் தேதிக்குள் புத்தகத்தைத் திருப்பியும் கொடுத்திருக்கிறார்கள்.

பயனியல்

பட்டியலினால் ஆய பயன் என்கொல் என்னும் வினா 1880இல் கும்பகோணத்தில் கேட்கப்பட்டுவிட்டது. உ.வே. சாமிநாதையர் அப்போது அங்கே கல்லூரித் தமிழாசிரியர். முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார் முதலியார். ஐயர் சொன்னார். அந்தாதிகளைச் சொன்னார், பிள்ளைத்தமிழ்களைச் சொன்னார், கோவைகளைச் சொன்னார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர்; பட்டியல் சிறிதாக இருக்குமா? முதலியார் முகம் மாறவில்லை. ஐயர் கம்பராமாயணம் வரை போய்ப் பார்த்தார். அதற்கும் பெரிதாக அசையவில்லை. கடைசியில் முதலியார் சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டார். அவை பட்டியலில் இல்லை.

நாமாக இருந்தால் சிந்தாமணியா, கொஞ்சம் புரட்டியிருக்கிறேன் என்று சமாளித்துவிட்டு, வீட்டுக்கு வந்து முதலியாரைப் பற்றி நாலு பேரிடம் குறை சொல்லியிருப்போம். ஐயர் சிந்தாமணிப் பிரதியை வாங்கிவந்து படிக்கத் தொடங்கினார். சிந்தாமணி 1887இல் அச்சேறியது. 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. அன்று சொன்ன பட்டியல் முழுவதும் முதலியாருக்கு ஒரு பொருட்டாகவில்லை. சொல்லாமல் விடுபட்டதுதான் தமிழுக்கு ஆயிற்று. எனவே குறிப்பேட்டை ஒருவரிடம் காட்ட வேண்டுமானால், அதில் இல்லாத நூலைக் கேட்கக்கூடிய ஆளிடம் காட்ட வேண்டும் என்பது இவ்வியலின் கொள்கை. 'அடேயப்பா' என்பவரிடம் காட்டிப் பயனில்லை.

அப்படிக் கேட்பவருக்கு நம் காலத்தில் பஞ்சம் இருந்ததில்லை. க.நா. சுப்ரமண்யம் தமிழில் நல்ல நூல்கள் இவை என்று ஓயாமல் பட்டியல் போட்டார். பட்டியல் போடுவது விமர்சனமாகுமா என்று அவரிடம் சண்டைக்கு வந்தவர்கள் பலர். தம் நூல் ஒன்றுக்கு அவர் வைத்த பெயரே 'படித்திருக்கிறீர்களா?' என்பது. அட்டையிலேயே இப்படி ஒரு கேள்வி இருக்கும் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் நிம்மதியாக இருந்துவிட முடியும்?

ஒழிபியல்

மேலே எவ்வியலிலும் அடங்காதவை இங்கே கூறப்படும்.

இரவல் கொடுத்த நூலைப் படித்தவற்றில் எழுதலாம், இருப்பில் எழுதலாகாது. இரவல் வாங்கிய நூலை இருப்பில் எழுதுவோர் உளர். அவர் பெயர் எனக்குத் தெரியும்.

படம் பார்த்துவிட்டு நாவலைப் படித்ததாக எழுதுவது குற்றம். நாவலைப் படித்துவிட்டுப் படத்துக்குப் போய், பக்கத்தில் இருப்பவரிடம் அடுத்து வரப்போவதை எல்லாம் சொல்லிக்கொண்டே பார்ப்பது அதனினும் பெருங்குற்றம்.

முன்னுரை மட்டும் படித்த நூலுக்கு அரை எண் தரலாம். முன்னுரை நூலைவிட நீளம் எனில் முழு எண்.

இந்தக் கட்டுரையைக் குறிப்பேட்டில் ஏற்றலாமோ எனின், ஏற்றலாகாது. நூல் அன்று ஆகலின். டிசம்பர் 28க்குப் பின் எண்ணிக்கை ஒன்று குறைகிறது என்பார்க்கு இவ்விதி பொருந்தாது.